கழித்த பத்து நிமிடம்

"அந்த வருஷத்துக் குறிப்பேடு எனக்கு வேணும் ஃபாதர்."

கேட்டே விட்டாள். எதைக் கேட்கக் கூடாது என்று அம்மா சொல்லிச் சொல்லி வளர்த்தாளோ, அதை. பேசப் பழகின நாளிலிருந்து அவளுக்கு அது பாடம்: இந்தக் காம்பவுண்டுக்குள் எதை வேண்டுமானாலும் கேள், அந்த மணி விஷயத்துக்கு மட்டும் வாயெடுக்காதே. இருபத்தைந்து வருஷம் ஒழுங்காகப் படித்த பாடத்தை இன்று பரீட்சையில் மாற்றி எழுதிவிட்டாள்.

தலைமையாசிரியர் ஃபாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எதற்கும் சிரிக்கிற மனிதர். மாலையில் அங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பையன்களோடு பந்து உதைப்பார், விழுந்தாலும் சிரிப்பார். இப்போது சிரிக்கவில்லை.

"எழுபத்தினாலு வருஷத்துக் குறிப்பேடு குடுத்தாச்சேம்மா. அந்த ஒண்ணு எதுக்கு?"

"அந்த ஒண்ணு மட்டும் குடுக்கலையே, அதுக்குத்தான்."

பள்ளிக்கூடத்துக்கு எழுபத்தைந்து வயது நிறைகிறது. விழாவுக்கு வரலாற்றுப் புத்தகம் போடவேண்டும். எழுத ஆள் தேடினபோது, "நம்ம மணிக்காரர் பொண்ணு எம்.ஏ. வரலாறு படிச்சிருக்காளே" என்று ஃபாதருக்கே தோன்றியது. அவர்கள் குடும்பத்தில் கல்லூரி வாசற்படியை மிதித்த முதல் ஆள் அவள்தான். பள்ளிக்குப் பின்னால் பணியாளர் குடியிருப்பில் இரண்டு அறை. அப்பா மணியடிப்பார், அம்மா ஃபாதர்மார்களின் அங்கியையும் கோயில் துணிகளையும் துவைத்துத் தேய்த்துக் கொடுப்பாள். ஆண்கள் பள்ளி என்பதால் அந்த வீட்டில் பிறந்தவளுக்கு அங்கே படிக்க இடமில்லை. தினமும் காலையில் உள்ளே வரும் அறுநூறு பையன்களுக்கு எதிரே தனியாக வெளியே நடந்து, இரண்டு தெரு தள்ளிப் பெண்கள் பள்ளிக்குப் போய் வளர்ந்தவள். அவளுக்கு இப்போது அலுவலகத்தில் ஒரு மேஜை. புத்தகம் முடிந்த கையோடு வரலாற்று ஆசிரியை வேலை. நியமன உத்தரவு டைப் ஆகி ஃபாதரின் இழுப்பறையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது.

அம்மாவுக்கு அதை நினைத்தாலே தரையில் கால் பாவாது. மகள் டீச்சர். அதுவும் இந்தப் பள்ளிக்கூடத்தில்.

ஃபாதர் எழுந்து போய் அலமாரிச் சாவியை எடுத்துவந்து மேஜைமேல் வைத்தார். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. "பழைய புண்ணு. பாத்துத் தொடு" என்றார்.

குறிப்பேடு என்பது பள்ளியை நடத்துகிற துறவற சபையின் வழக்கம். ஃபாதர்மார் தங்குகிற ஒவ்வொரு இல்லத்திலும் அன்றன்றைக்கு நடந்ததை நாலு வரி எழுதி வைக்கவேண்டும். எழுபத்தைந்து வருஷமாக ஒருநாள் விடாமல் எழுதியிருந்தார்கள். மூன்று மாதமாக அவள் அதிலேயே குடியிருந்தாள். ஓட்டுக் கொட்டகையில் பத்தொன்பது பையன்களோடு பள்ளி தொடங்கிய நாள், அதில் இரண்டு பேர் மத்தியானமே வீட்டுக்கு ஓடிப்போனது, விளையாட்டு மைதானத்துக்காகப் பையன்களே கல் பொறுக்கினது, ஆய்வகத்துக்கு முதல் நுண்ணோக்கி வந்தபோது எல்லா வகுப்பும் வரிசையில் நின்று வெங்காயத் தோலைப் பார்த்தது. "இன்று மழை. ஏழாம் வகுப்பில் ஆறு இடத்தில் ஒழுகல். வாளி நான்கே உள்ளன." "கால்பந்தில் தோற்றோம். நடுவர் நல்லவர், நாங்கள்தான் மோசம்." "விடுதியில் பொன்னுக்குவீங்கி. சமையல்காரருக்கும்." படிக்கப் படிக்க அவளுக்கு அந்தப் பள்ளிக்கூடத்தின்மேல் ஒரு பிரியமே வந்துவிட்டது. கோபத்தோடு உள்ளே போனவள், அங்கங்கே தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கோபம் பிறவியிலேயே வந்தது. காம்பவுண்டுக்குள் அப்பா மணிக்காரர். கேட்டைத் தாண்டினால் அவர் பெயர் ‘பத்து நிமிஷம்'. கடையில் "பத்து நிமிஷம் வீட்டுக்கு ரெண்டு சோப்பு போடு" என்பார்கள். அவள் கல்லூரியில் முதலாவதாக வந்தபோது, "பத்து நிமிஷத்துக்குப் பொறந்தது பத்து வருஷம் முன்னாடி ஓடுதே" என்று தெருவே சிரித்தது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அப்பாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார். அவளுக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

பத்து வயதில் ஒருநாள், வீட்டு அலமாரியில் இருந்த பள்ளியின் ஐம்பதாண்டு மலரைப் புரட்டினாள். அதில் இரண்டு பக்கம் ஒன்றோடொன்று பசை போட்டு ஒட்டியிருந்தது. கெட்டில் ஆவியில் காட்டிப் பிரித்துப் பார்த்தாள். ஒரு வரி: "நம் பள்ளியின் முழுத்தேர்ச்சி ஒரே ஒருமுறைதான் தடைபட்டது, அதுவும் மணியடிக்கும் ஊழியரின் கவனக்குறைவால்." அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு கஞ்சிப் பசை காய்ச்சி, பக்கத்தை மறுபடி ஒட்டி, மேலே இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி வைத்தாள். அழுதுகொண்டே செய்தாள் என்பது மட்டும் ஞாபகமிருக்கிறது.

இப்போது எழுபத்தைந்தாவது புத்தகத்துக்கு, பழைய மலரில் இருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்று ஃபாதர் சொல்லியிருந்தார். அப்படியே என்றால் அந்த வரியோடு. அப்பாவுக்கு அடுத்த வருஷம் ஓய்வு. இருபத்தாறு வருஷத்துக்கு முன் நடந்ததைப் பற்றிய ஒரு வரி இன்னும் எழுபத்தைந்து வருஷத்துக்கு அச்சில் நிற்கும், அதை எழுதின கை மகளுடையதாக இருக்கும். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

அலமாரியைத் திறந்தாள். தேர்வு நடந்த மாதத்தைப் பிரித்தாள். எல்லோரும் பெரிய சாமி என்று அழைக்கிற மூத்த ஃபாதரின் கையெழுத்து. அப்போது அவர்தான் தலைமையாசிரியர். முப்பது வருஷம் இருந்தவர். பள்ளியில் பாதிக் கட்டடம் அவர் கட்டினது. வலப்பக்கத்தில் தேர்வு நாள்: "மணி பத்து நிமிடம் தாமதம். மணிக்காரரின் கவனக்குறைவு. மாணவர் அழுதனர்." இடப்பக்கத்தில் அதற்கு முந்தின நாள்: "மேற்பார்வையாளர் நாளை வருகிறார். கடிகாரம் பத்து நிமிடம் கூடுதலாக ஓடுவதைக் கண்டால் நகைப்பார். மாலைச் செபத்துக்குப்பின் நானே நாற்காலியில் ஏறிச் சரியாக வைத்தேன். முழங்கால் வலி."

இரண்டையும் மாறி மாறி நாலுமுறை படித்தாள். பிறகு ஜன்னலுக்கு வெளியே தாழ்வாரத்தில் தொங்கிய கடிகாரத்தைப் பார்த்தாள்.

அந்தக் கடிகாரத்தின் குணம் அந்த வட்டாரத்துக்கே தெரியும். பையன்கள் நேரத்துக்கு வரவேண்டும் என்று முதல் தலைமையாசிரியர் அதைப் பத்து நிமிடம் முந்தி ஓட வைத்தார். அது அப்படியே பழகிவிட்டது. பள்ளிக்கூட நேரம் வேறு, ஊர் நேரம் வேறு. சாதாரண நாளில் மணிக்காரர் கடிகாரம் சொன்னபடி அடிப்பார். அரசுத் தேர்வு நாளில் மட்டும் ஊர் நேரத்துக்கு அடிக்கவேண்டும். ஆகவே கடிகாரத்தில் பத்தானதும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார்; இன்னும் பத்து நிமிடம் போனபின்தான் இழுப்பார். ஆறு வருஷம் பிசகாமல் செய்திருந்தார். ஏழாவது வருஷமும் பிசகாமல்தான் செய்தார். கடிகாரம்தான் முந்தின மாலையே திருந்திவிட்டிருந்தது, அவருக்குச் சொல்லாமல்.

தேர்வுக்கூடத்தில் நின்ற ஆசிரியர்கள் கையில் கடிகாரம் கட்டியிருந்தார்கள். பார்த்தார்கள். மணி அடிக்காமல் வினாத்தாள் உறையைப் பிரிக்கக் கூடாது என்பது விதி, ஆகவே நின்றார்கள். மேற்பார்வையாளர் கிடங்கு அறையில் முத்திரைகளை எண்ணிக்கொண்டிருந்தார். முடிவில் அவர் தன் கைக்கடிகாரப்படி எழுந்து, விடைத்தாள்களை வாங்கச் சொல்லிவிட்டார். யார் கெஞ்சியும் கேட்கவில்லை. பத்து நிமிடம் போனது போனதுதான். நாலு பையன்கள் தோற்றார்கள்.

குறிப்பேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

அப்பாவின் வாழ்க்கை நாற்பது நிமிடத் துண்டுகளால் ஆனது. ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் நடுவே எவ்வளவு வேலை அடங்குமோ அவ்வளவுதான் செய்வார். அப்போது மூன்றாம் பாடவேளை. வாசலில் உட்கார்ந்து மணிக்குப் புதுக் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார். பழையது அறுவதற்கு ஒரு மாதம் முன்பே மாற்றிவிடுவது அவர் வழக்கம். உள்ளே அம்மா வெள்ளை அங்கி ஒன்றைப் பலகையில் விரித்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கஞ்சி வாசனை வீடெல்லாம் பரவியிருந்தது.

அவள் இரண்டு பக்கங்களையும் சத்தமாகப் படித்தாள்.

அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "கேட்டுட்டியா? போய்க் கேட்டுட்டியா? படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. சட்டியில இருக்கறது சட்டியிலயே கிடக்கட்டும்னு விட்டா ஒனக்கென்ன. வேலை கைக்கு வர்ற நேரத்துல."

அப்பா கயிற்றை விடவில்லை. முறுக்கிக்கொண்டே சொன்னார்: "எனக்கு அன்னைக்குச் சாயங்காலமே தெரியும்."

தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்று அம்மாவும் தலையசைத்தாள். அந்த வீட்டில் தெரியாத ஒரே ஆள் அவள்தான்.

பெரிய சாமி அன்று மாலை இதே அறைக்கு வந்தாராம். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. அம்மா கொடுத்த டீ ஆறி ஆடை படிந்தது. பிறகு, நாற்காலியில் ஏறியதைச் சொன்னார். யாரிடமும் சொல்லாமல் விட்டது தன் தப்பு, அதைத் தேர்வுத்துறை அலுவலகத்துக்கு எழுதப்போகிறேன் என்றார். அப்பாதான் தடுத்தார்.

"நீங்களா?"

"நான்தான். ஒரு மணிக்காரன் தப்பு பண்ணா மணிக்காரனுக்குக் கெட்ட பேரு, அதோட போச்சு. தலைமையாசிரியர் தப்பு பண்ணா பரீட்சை மையத்தையே புடுங்கிருவாங்க. அப்புறம் நம்ம பசங்க பரீட்சை எழுத விடியறதுக்குள்ள பஸ் புடிச்சு டவுனுக்குப் போகணும். பாதிப் பேரு போகவே மாட்டான். எம்மேல எழுதிக்கங்க சாமின்னு சொன்னேன். மொதல்ல முடியாதுன்னாரு. ரொம்ப நேரம் நின்னாரு. அப்புறம் போயிட்டாரு."

"போய் எழுதிட்டாரு. பழி ஒரு பக்கம் பாவம் ஒரு பக்கம்." அவள் குரல் ஏறியது. "என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களாப்பா? பத்து நிமிஷம் மக, பத்து நிமிஷம் மகன்னு நான்தானே தெருவெல்லாம் வாங்கிக் கட்டிக்கிட்டேன்?"

"ஒன்னைக் கேக்கலாம்னுதான் பாத்தேன். நீ அப்போ உங்கம்மா வயித்துக்குள்ள உதைச்சுக்கிட்டு இருந்த."

"இப்பவும் அதேதான் பண்றா" என்றாள் அம்மா.

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. கொஞ்சம் கழித்து மூன்று பேருக்குமே வந்தது. அப்பா கயிற்றின் நுனியைப் பல்லால் கடித்து இறுக்கி முடிச்சுப் போட்டார். புத்தகத்தில் என்ன எழுதட்டும் என்று அவள் கேட்டதற்கு, பழையபடியே இருக்கட்டும், பெரிய சாமிக்குக் கண்ணும் போய்விட்டது, யாராவது படித்துக் காட்டினால் நல்லதாக நாலு வரி கேட்டுவிட்டுப் போகட்டும் என்றார். அவள் குறிப்பேட்டை மூடினாள். அப்போதுதான், தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"மணி லேட்டா அடிச்சது நெசம். கை என்னுது. அதை எழுது, எனக்கொண்ணும் இல்ல. பத்து நிமிஷம்னு கூப்பிடறதும் பழகிப்போச்சு. அந்த ஒரு வார்த்தைதான்மா."

"எது?"

"கவனக்குறைவு." அதைச் சொல்ல அவருக்குச் சிரமமாக இருந்தது. "எம்மேல எழுதச் சொன்னேனே தவிர, அப்படி எழுதுவாருன்னு நெனைக்கல. நான் கவனமாத்தான் இருந்தேன். கவனமா இருந்ததாலதான் பத்து நிமிஷம் கழிச்சேன். கவனமில்லாதவனா இருந்திருந்தா கடிகாரம் காட்டினதும் அடிச்சிட்டுப் போயிருப்பேன். சரியா இருந்திருக்கும்."

சொல்லிவிட்டு எழுந்தார். பாடவேளை முடிய இரண்டு நிமிடம் இருந்தது. புதுக்கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அம்மா வாசல்வரை வந்து அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அந்த மலர்ல பக்கத்தை ஒட்டினது நான் இல்லடி" என்றாள் மெதுவாக. "நீ பிரிச்சப்புறம் ஒட்டினதுதான் நான். மொதல்ல ஒட்டினது அவரு."

அன்றைக்கே எழுதி முடித்தாள். நீட்டி முழக்கவில்லை. "அவ்வாண்டு அரசுத் தேர்வின்போது மணி பத்து நிமிடம் தாமதமாக அடிக்கப்பட்டது. முந்தின மாலை தலைமையாசிரியர் கடிகாரத்தைச் சரியான நேரத்துக்கு மாற்றியிருந்தார், எவரிடமும் தெரிவிக்கவில்லை. மணிக்காரர் வழக்கப்படி கவனமாகப் பத்து நிமிடம் கழித்தே அடித்தார். பள்ளி தேர்வு மையத்தை இழக்கக் கூடாது என்று பழியைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டார்." நாலே வரி.

மறுநாள் காலை தலைமையாசிரியர் ஃபாதர் அதை நின்றபடியே படித்தார். உட்கார்ந்து இன்னொரு தரம் படித்தார். புத்தகமே பெரிய சாமிக்குக் காணிக்கை, மறைமாவட்ட ஆயர் வந்து வெளியிடுகிறார், எண்பத்தெட்டு வயதில் அந்த மனிதரை மேடையில் உட்காரவைத்து இதைக் கையில் கொடுப்பதா என்று கேட்டார். கேட்டதில் நியாயம் இல்லாமலில்லை. பிறகு முகம் மலர்ந்து ஒரு வழி சொன்னார்: யார் மேலும் பழி வேண்டாம், ‘கடிகாரக் கோளாறால்' என்று போட்டுவிடலாம்.

"கடிகாரத்துக்கு ஒரு கோளாறும் இல்லையே ஃபாதர். அன்னைக்குத்தான் அது மொதமொதலா சரியான நேரம் காட்டுச்சு."

ஃபாதர் சிரித்துவிட்டார். ஆனாலும், யோசித்துச் சொல், நாளை மறுநாள் அச்சகத்துக்குப் போகவேண்டும் என்று தாளைத் திருப்பித் தந்தார்.

சாயங்காலம் அம்மா தேய்த்து மடித்த அங்கியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "பெரிய சாமியோடது. நீ கொண்டுபோய்க் குடுக்கறியா?" என்றாள். எப்போதும் அவளே கொண்டுபோவாள். மகள் முகத்தை நேராகப் பார்க்கவில்லை.

ஓய்வுபெற்ற ஃபாதர்மாருக்கு மைதானத்தின் மறுகோடியில் மாடி அறைகள். பெரிய சாமி ஜன்னலோரம் உட்கார்ந்து, பந்து விளையாடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். பார்வை போய் நாலு வருஷம். கஞ்சி வாசனையை வைத்தே, "மணிக்காரன் வீடா?" என்றார். மகள் என்றதும், புத்தகம் எப்படி வருகிறது, மைதானத்தில் கல் பொறுக்கின கதையை எழுதினாயா, அதில் ஒரு பையன் கல்லென்று நினைத்து ஆமையைத் தூக்கினானே என்று அவரே சிரித்துக்கொண்டு கேட்டார். அவள் சிரிக்கவில்லை. குறிப்பேட்டைத் திறந்து இரண்டு பக்கங்களையும் படித்துக் காட்டினாள்.

அவர் கைகள் அங்கியின் மேல் அசையாமல் இருந்தன.

"ரெண்டும் நான் எழுதினதுதான்" என்றார். "இடப்பக்கத்தைக் கிழிச்சிருக்கலாம். கிழிக்க மனசு வரல."

"பூட்டின அலமாரிக்குள்ள எழுதி வெச்சா யாருக்குக் கேக்கும் சாமி?"

"யாருக்கும் கேக்காதுன்னு தெரிஞ்சுதான்மா எழுதினேன்."

கேட்பதற்கென்று அவள் ஏழெட்டு கேள்வி கூர்தீட்டிக் கொண்டுவந்திருந்தாள். இப்படி ஒரு பதிலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற கிழவரிடம் அதில் எதையும் கேட்க முடியவில்லை. அப்பா சொன்னதை மட்டும் சொன்னாள். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. கவனமாக இருந்ததால்தான் கழித்தேன்.

கீழே யாரோ கோல் போட்டார்கள். கத்தல் அடங்கியதும் அவர் முகத்தை அவள் பக்கம் திருப்பினார்.

"அவன் இதை எங்கிட்ட சொன்னதே இல்லையே."

"நீங்க கேட்டதே இல்லையே சாமி."

தலையை மெல்ல ஆட்டினார். தேர்வுத்துறைப் படிவத்தில் ‘காரணம்' என்று ஒரு கட்டம் இருந்ததாகவும், அதில் வேறு என்ன எழுதுவதென்று தெரியவில்லை என்றும் சொன்னார். அந்த வார்த்தை அவ்வளவு கனம் என்று எழுதும்போது தோன்றவில்லை. பிறகு அவள் எழுதின நாலு வரியைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். இன்னொருமுறை படிக்கச் சொன்னார்.

"தலைமையாசிரியர்னு மொட்டையா போட்டிருக்க. என் பேரைப் போடு. அந்த முழங்கால் வலியை மட்டும் போட்டுடாத, சிரிப்பாங்க."

அவள் எழுந்தபோது கையை நீட்டினார். எங்கே நிற்கிறாள் என்று தெரியாமல் காற்றில் தேடின கையை அவள் பிடித்துக்கொண்டாள். "அவன்கிட்ட நான் சொல்லணும். படியிறங்க முடியல. அவனை வரச் சொல்றியா? மணிக்கு நடுவுல நேரம் இருந்தா."

அப்பா அடுத்த நாளே போனார். மத்தியான இடைவேளை மணிக்கும் அடுத்த மணிக்கும் நடுவில் போய்த் திரும்பினார். என்ன பேசினீர்கள் என்று அம்மா கேட்டதற்கு, "பேசல. டீ குடிச்சோம்" என்றார். ஆனால் அன்று இரண்டு முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அச்சகக்காரர் இந்தப் பள்ளியின் பழைய மாணவர். பழைய மாணவர் என்றால், தோற்ற நாலு பேரில் ஒருவர். ‘பத்து நிமிஷம்' என்ற பெயரை ஊருக்கு வழங்கின புண்ணியவானும் அவரே. தோற்றதும் அச்சகத்தில் மை துடைக்கப் போனவர், இன்று அதே அச்சகத்துக்கு முதலாளி. புரூஃபை எடுத்துக்கொண்டு அவள் போனபோது, இயந்திரச் சத்தத்துக்கு நடுவே அந்தப் பக்கத்தை விளக்கருகே பிடித்துப் படித்தார். இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார்.

"இதெல்லாம் நெசமா தங்கச்சி?"

"குறிப்பேட்டுல இருக்குண்ணே. பெரிய சாமி வாயாலயும் கேட்டாச்சு."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "எனக்கு அந்தப் பத்து நிமிஷம் இல்ல, பத்து நாள் குடுத்திருந்தாலும் கணக்குல பெயில்தான். பாதித் தாளு வெள்ளையா இருந்துச்சு. ஆனா வீட்ல சொல்ல ஒரு காரணம் கிடைச்சுது பாரு. மணிக்காரன் லேட்டா அடிச்சுட்டான்னேன். எங்கப்பா அடிக்கக் கழட்டின பெல்ட்ட மறுபடி மாட்டிட்டு உக்காந்துட்டாரு. அந்தக் காரணத்துலயே இத்தன வருஷம் ஓட்டிட்டேன்." கையில் ஒட்டியிருந்த மையைத் துணியில் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். "புரூஃப்ல ஃபாதர் கையெழுத்து இல்லையே?"

"நான் போடறேன்."

"ஒன் வேலைக்கு உலை வெச்சிரும்."

"தெரியும்ணே" என்று சொல்லிவிட்டுப் பேனாவை வாங்கினாள்.

அன்று மாலைக்குள் அந்தப் பக்கம் அடங்கிய தாள்கள் எல்லாம் அச்சில் ஓடி முடிந்தன. அச்சகக்காரர் பக்கத்தில் நின்று, தாள் தாளாகப் பார்த்து அடுக்கினார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னாள். வேலை கிடைக்காமல் போகலாம் என்பதையும் சொன்னாள். அம்மா நனைத்த துணிகளை ஒவ்வொன்றாக உதறி உருட்டிக்கொண்டிருந்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். அம்மா கத்தவில்லை. கடைசித் துணியை உருட்டி வைத்துவிட்டு, அலமாரியிலிருந்து அந்த ஐம்பதாண்டு மலரை எடுத்துவந்து மகள் மடியில் போட்டாள். "பழைய பேப்பர்காரன் நாளைக்கு வருவான்" என்றாள். அவ்வளவுதான்.

காலையில் அவள் தலைமையாசிரியர் அறைக்குப் படியேறினாள். ஃபாதரிடம் தாளை நீட்டினாள், அச்சான தாள்.

அவர் படித்தார். பெரிய சாமியின் பெயர் இருந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, யாரைக் கேட்டு அனுப்பினாய் என்றார். அப்பாவையும் பெரிய சாமியையும் கேட்டேன் என்றாள். என்னைக் கேட்கவில்லையே என்றார். கேட்டேன், நீங்கள் கடிகாரத்தின்மேல் போடச் சொன்னீர்கள் என்றாள்.

ஃபாதர் நாற்காலியில் சாய்ந்தார். கோபக்காரராக இருந்திருந்தால் அவளுக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும். அவர் நல்ல மனிதர். பெரிய சாமியின் அறைக்குப் போயிருந்ததாகவும், பெரியவர் பத்து வருஷமாக இவ்வளவு சந்தோஷமாக இருந்து பார்த்ததில்லை என்றும் சொன்னார். பக்கம் இருக்கட்டும், மறுபடி அச்சடிக்கச் சொல்லமாட்டேன் என்றார். இழுப்பறையைத் திறந்து நியமன உத்தரவை எடுத்து மேஜைமேல் வைத்தார். பேனாவின் மூடியையும் கழற்றினார். ஒரே ஒரு சிக்கல்தான் என்றார். என் கையெழுத்தில்லாமல் அச்சுக்குப் போனது எப்படி என்று சபையில் நாளைக்குக் கேட்பார்கள். கோப்பில் வைக்க ஒரு கடிதம் வேண்டும்.

"பெருசா ஒண்ணும் வேண்டாம்மா. ஒரு வரி எழுதிக் குடு. கவனக்குறைவா அனுப்பிட்டேன்னு. நான் இப்பவே கையெழுத்துப் போட்டுடறேன்."

சொன்னபிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்திருக்கவேண்டும். பேனா அப்படியே நின்றது.

அவள் உத்தரவைப் பார்த்தாள். அவள் பெயர், அதன் பின்னால் எம்.ஏ., கீழே ‘வரலாற்று ஆசிரியை' என்று அழுத்தமாக டைப் அடித்திருந்தது. படிக்க நன்றாகத்தான் இருந்தது.

"நான் கவனமாத்தான் அனுப்பினேன் ஃபாதர்" என்றாள்.

அலமாரிச் சாவியை உத்தரவின்மேல் வைத்தாள், மின்விசிறிக் காற்றில் அது பறக்காமலிருக்க. வணக்கம் சொன்னாள். ஃபாதரும் எழுந்து நின்றார்.

தாழ்வாரத்தில் வெயில் பாதிவரை ஏறியிருந்தது. எட்டாம் வகுப்பில் ஆசிரியர் இல்லை. சத்தம் கூரையைப் பிய்த்தது; ஒருவன் மேஜைமேல் நின்று ஏதோ நடித்துக்காட்டிக்கொண்டிருந்தான். சேலை கட்டின உருவம் ஒன்று கதவைத் தாண்டுவதைப் பார்த்ததும் யாரோ "டேய், புது டீச்சர்" என்றார்கள். சட்டென்று அமைதி. ஐம்பது பையன்கள் பெஞ்சு கிரீச்சிட எழுந்து நின்று, ராகம் போட்டு வணக்கம் சொன்னார்கள்.

அவள் நின்றாள். கரும்பலகையில் யாரோ பாதி வரைந்து விட்டிருந்த வரைபடம். முன்வரிசையில் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்த ஒருவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உக்காருங்க" என்றாள். "சத்தம் போடாம படிங்க."

எல்லோரும் உட்கார்ந்து புத்தகத்தைப் பிரிக்கும்வரை பார்த்திருந்துவிட்டு, படியிறங்கி, மைதானத்தின் ஓரமாகக் கேட்டை நோக்கி நடந்தாள்.